தண்ணி அக்கா வீட்டுக் கடல்

ஆஸ்பத்திரியில் அவளைத் 'தண்ணி அக்கா' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அந்தப் பெயரை முதல் தடவை கேட்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, "அக்கா அவ்வளவு பெரிய குடிகாரியா?" என்று வாய் விட்டே கேட்டுவிட்டாள்.

"ஆமா. நான் காலையில ஊத்திக் குடுத்தாதான் இங்க எல்லாருக்கும் பொழுது விடியும்" என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

சொன்னது பொய்யில்லை. அவள் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை அங்கே இயந்திரங்கள் கழுவிக் கொடுத்தன. கழுவுவதற்குத் தண்ணீர் பீப்பாய் பீப்பாயாக வேண்டும். குழாயில் வருகிற தண்ணீரை வாயில் ஊற்றலாம், ரத்தத்துக்குப் பக்கத்தில் விட முடியாது. கிருமியைக் கொல்ல அதில் கலக்கிற குளோரின் ரத்தத்தின் சிவப்பணுக்களையும் உடைத்துப் போடும். அதனால் பின்கட்டில் ஒரு தண்ணீர் அறை. ஆள் உயரத்துக்கு, குளோரினை உறிஞ்சிக்கொள்ளும் இரண்டு கரித் தொட்டிகள், அவற்றைத் தாண்டி வடிகட்டிக் குழாய்கள். தினமும் முதல் நோயாளி படுக்கையில் ஏறுவதற்கு முன்னால் அவள் அந்த அறைக்குள் போய், சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்துப் பொடியைத் தூவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நிறம் மாறாமல் இருந்தால் இயந்திரங்களை ஓட விடலாம். இளஞ்சிவப்பு தட்டினால் குளோரின் கரியைத் தாண்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நாள் முழுவதும் நிற்கிற வேலை. குழாய் மாட்டு, குழாய் கழற்று, அலறுகிற இயந்திரத்தைச் சமாதானப்படுத்து, அலறாத நோயாளியை எட்டிப் பார். சாயங்காலம் பஸ்ஸில் உட்காரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரியும். வீட்டுக்குப் போனால் உட்காரலாம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவளால் அப்படி நினைக்க முடியாது. வீட்டிலும் அவளுக்காகத் தண்ணீர் காத்துக்கொண்டிருந்தது.

வீட்டின் முன் அறையில் ஒரு கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைகளின் மேல் பவளங்கள். ஒன்று சுத்தியல் சுத்தியலாக விரல்களை நீட்டிக்கொண்டு ஆடும். இன்னொன்று மூளையைப் போல மடிப்பு மடிப்பாகப் பச்சைக் கரையோடு கிடக்கும். அடியில் காளான் போலச் சில. அவற்றுக்கு நடுவே ஒரு ஜோடி கோமாளி மீன்கள், இந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பதே தாங்கள்தான் என்கிற தோரணையில் சுற்றிவரும்.

தொட்டியைக் கட்டியது அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இருட்டுப் பள்ளங்களில் கிரீஸும் கம்பிக் கயிறுமாகவே வேலை பார்த்த மனிதருக்கு, வெளிச்சத்தில் மெதுவாக அசைகிற ஒன்றைப் பார்க்க வேண்டும் போல இருந்திருக்கிறது. தாங்கு சட்டத்தைப் பழைய லிஃப்ட்டின் இரும்புச் சட்டங்களை வைத்து அவரே பற்றவைத்தார். முதல் பவளத் துண்டை அவருக்குக் கொடுத்தவர் கடைத்தெரு சலூன்காரர். சலூன்காரரிடமும் ஒரு தொட்டி இருந்தது, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில். முடிவெட்ட வருகிறவர்கள் தலையை ஆட்டாமல் உட்கார அதைவிட நல்ல உபாயம் இல்லை என்பார்.

அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், முதன்முதலாக அந்தத் தொட்டியைப் பார்த்தபோது கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தாள்.

"தம்பி, நீ மீனு வளக்குறியா, கல்லு வளக்குறியா?"

"அது கல்லு இல்லக்கா. உசுரு."

"உசுருன்னா ஒண்ணு சோறு கேக்கணும், இல்ல சண்டை போடணும். இது ரெண்டும் பண்ணலையே."

"அதுக்கும் சேத்து அவ பண்ணிடுவா" என்று அவர் சமையலறைப் பக்கம் கண் காட்டினார். அப்போதெல்லாம் வீட்டில் சிரிப்பு அப்படித்தான் தாராளமாக இருந்தது.

பிறகு ஒருநாள் அவர் லிஃப்ட் பள்ளத்தில் விழுந்தார். முதுகில் தகடு வைத்தார்கள். உயிர் பிழைத்தது, நடமாட்டமும் மெல்லத் திரும்பியது. ஆனால் தேநீர்க் கெண்டிக்கு மேல் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்கள் ஈரமுள்ளவர்கள். வீட்டிலிருந்தபடியே போன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். 'லிஃப்ட் எந்த மாடியில நிக்குது? உள்ள ஆள் இருக்காங்களா? பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க.' நாள் முழுக்க அதே மூன்று வாக்கியம்.

அதற்கு முன்னால் சில மாதங்கள் அவர் சுவரைப் பார்த்தபடி திரும்பிப் படுத்தே கிடந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், பேசச் சொன்னால் பேச மாட்டார். அவள்தான் ஒருநாள் கட்டிலை இழுத்து இழுத்து முன் அறைக்குக் கொண்டுவந்து தொட்டியைப் பார்த்துப் போட்டாள். அன்று மாலை அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "தண்ணி மாத்தணும்."

"நான் தூக்குறேன். நீங்க சொல்லுங்க, எவ்வளவுன்னு" என்றாள் அவள்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது அப்படித்தான். அந்த ஒரு வாக்கியத்தை வருஷக்கணக்கில் அவள் சுமந்தாள், வாளி வாளியாக.

பவளம் வளர்ப்பது என்பது உண்மையில் தண்ணீர் வளர்ப்பது. மீன் போடுகிற கழிவு கரைந்து நைட்ரேட்டாக ஏறும். தீனியிலிருந்து பாஸ்பேட் ஏறும். பவளம் எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்ச உறிஞ்ச அது இறங்கும். ஏறுவது இறங்க வேண்டும், இறங்குவது ஏற வேண்டும், எல்லாம் மெதுவாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு சுருங்கிவிடும். அவர் குப்பிகளையும் சொட்டு மருந்துகளையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி நிறம் பார்த்து அளவு சொல்வார். அவள் குளியலறையில் வடிகட்டிய தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, உப்பைக் கொட்டிக் கலக்கி, பழைய தண்ணீரை வெளியே இறைத்து, புதியதை உள்ளே ஊற்றுவாள். வாளியின் கைப்பிடி உள்ளங்கையில் ஒரு காய்ப்பை உண்டாக்கியிருந்தது. வலது மணிக்கட்டில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

வேலை முடிந்து அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்.

"நைட்ரேட் ஏறிடுச்சு."

"எனக்கும்தான் கால் வீங்கிடுச்சு. அதுக்கு ஒரு சொட்டு மருந்து இருக்கா உங்ககிட்ட?"

ஆரம்பத்தில் அவர் இதற்குச் சிரித்தார். போகப்போக அவளும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில் பேசும்போதெல்லாம் ஒரே பாட்டு: "அம்மா, அதைக் குடுத்துடச் சொல்லும்மா. நீ என்ன இயந்திரமா?" அவள் பேச்சை மாற்றுவாள். கொடுத்துவிட்டால் அந்த மனிதர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுவிடுவாரோ என்ற பயத்தை மகளிடம் எப்படிச் சொல்வது? தனக்கே அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை.

அந்தக் கோடையில் நகரத்தின் பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்தது. சரி செய்த பிறகு, மண்ணோடு வந்த கிருமி சாகட்டும் என்று தண்ணீரில் மருந்தை வாரிக் கொட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னது குப்பிதான். அன்று காலை முதல் கரித் தொட்டிக்கு அப்பால் பிடித்த தண்ணீர் ரோஜா இதழ் போலச் சிவந்தது. அவள் இரண்டாவது தொட்டிக்கு அப்பாலும் பிடித்துப் பார்த்தாள். மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறம் இருந்தது.

"சிஸ்டர், யாரையும் படுக்க வைக்காதீங்க" என்றாள்.

பிரிவுத் தலைமை நர்ஸுக்கு முகம் வெளுத்தது. "வெளியில எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்கக்கா."

"உக்காந்திருக்கட்டும். உள்ள விட்டா எழுந்திருக்க மாட்டாங்க."

கரி மாற்றுகிற ஆட்கள் வந்து சேரவே மத்தியானம் நெருங்கிவிட்டது. அதுவரை காத்திருந்தவர்களுக்கு அவள்தான் பதில் சொன்னாள். ஒரு பெரியவரின் மகன், "ஒரு தண்ணியைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். தகப்பனுக்கு மூச்சு வாங்குகிறது, மகன் கத்தத்தான் செய்வான். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. இயந்திரங்கள் ஓடத் தொடங்கி, கடைசி நோயாளியைச் சக்கர நாற்காலியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் வீடு வந்தபோது, கால் இரண்டும் அவளுடையவையாக இல்லை.

"பாஸ்பேட் கூடிக்கிட்டே போகுது. இன்னைக்கு மாத்திடலாமா?" என்று அவர் கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லன்னா நாளைக்குக்கூட..." என்று இழுத்தார்.

"நாளைக்கு மட்டும் என்ன, எனக்கு வேற கால் முளைக்குமா? இன்னைக்கே தொலைச்சிடலாம்."

காலையில் போகும்போதே வடிகட்டியைத் திறந்து விட்டுப் போயிருந்தாள். பீப்பாய் நிறைந்திருந்தது. உப்பைக் கொட்டினாள், கலந்தாள், இறைத்தாள், ஊற்றினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மனம் எங்கேயோ பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டு வடிகட்டியிலும் ஒரு கரிக் குழல் உண்டு. அது காலாவதியாகி வெகு நாளாகிவிட்டது. புதுக் குழல் அலமாரி மேல் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதை மாற்ற மூடியைத் திருகித் திறக்க வேண்டும். அந்த மூடியோ பிடிவாதக்காரப் பிள்ளை மாதிரி, அவள் மணிக்கட்டுக்கு மசியவில்லை. அவர் திருகவே கூடாது. 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

ஊற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் பவளங்கள் சுருங்கின. "தண்ணி மாத்தின அன்னைக்கு அப்படித்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும்" என்றார் அவர். அது உண்மைதான், எப்போதும் நடப்பதுதான். இருவரும் படுத்துவிட்டார்கள்.

காலையில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் அழைத்தார். குரலில் ஒரு தினுசு இருந்தது. தொட்டித் தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கியிருந்தது. சுத்தியல் பவளம் விரல்களை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரங்களில் சளி சளியாக உரிந்துகொண்டிருந்தது. மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின.

"என்ன ஆச்சுன்னே தெரியல. எல்லா அளவும் சரியாத்தான் காட்டுது" என்றார் அவர், குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நான் போகணும். முதல் ஷிஃப்ட்காரங்க வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். வேறென்ன செய்ய முடியும்?

தண்ணீர் அறையில் வழக்கம்போலக் குப்பியைப் பிடித்துப் பொடியைத் தூவினாள். புதுக் கரி, தண்ணீர் தெளிவாக நின்றது. நின்ற அந்தத் தெளிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அதே ஊர், அதே குழாய், அதே தண்ணீர். அவருடைய குப்பிகள் நைட்ரேட்டைச் சொல்லும், பாஸ்பேட்டைச் சொல்லும், குளோரினைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். இங்கே ஒரு சொட்டை உள்ளே விடாமல் நாள் முழுவதும் மல்லுக்கு நின்றவள், அங்கே போய்ப் பீப்பாய் நிறையத் தன் கையாலேயே ஊற்றியிருக்கிறாள். ஆஸ்பத்திரித் தண்ணீர் வேறு, வீட்டுத் தண்ணீர் வேறு என்று அவளுடைய களைத்த மனம் எப்போதோ இரண்டையும் தனித்தனி மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டது.

சுவரில் சாய்ந்தபடி போன் செய்தாள்.

"அது குளோரின்ங்க. நேத்து குழாய்த் தண்ணியில அள்ளிக் கொட்டியிருக்காங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஊத்திட்டேன்."

மறுமுனையில் குப்பியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சலூன்காரரைக் கூப்பிடுறேன். அவர்கிட்ட முறிக்கிற மருந்து இருக்கும்" என்றார் அவர். "ஆனா புதுத் தண்ணி நிறைய வேணும். அவர்கிட்ட இருக்கிறது பத்தாது. உங்க ஆஸ்பத்திரியில நல்ல தண்ணி இருக்குமே. ரெண்டு கேன் கொண்டுவர முடியுமா?"

"பாக்குறேன்."

மத்தியானம் சிஸ்டரிடம் கேட்டாள். "ரெண்டு கேன்தானேக்கா? தாராளமா எடுத்துக்கோங்க. யாரு கேக்கப் போறா?" என்றாள் சிஸ்டர். அவள் இரண்டு காலிக் கேன்களைக் கழுவி எடுத்துக்கொண்டு தண்ணீர் அறைக்குப் போனாள். முதல் நாள் நடந்த குளறுபடியில் சேமிப்புத் தொட்டி பாதிக்குக் கீழே இருந்தது. இரண்டாம் ஷிஃப்ட்டுக்காரர்கள் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வால்வைத் திறந்தாள். கேன் பாதி நிறைந்தது. அப்படியே மூடினாள்.

நோயாளிகளை நினைத்துத்தான் மூடினாள் என்று சொன்னால் அழகாக இருக்கும். அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, மறுபடி படி ஏற வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் மணிக்கட்டு கையெடுத்துக் கும்பிட்டது போல இருந்தது. மனசாட்சி பாதி, மணிக்கட்டு பாதி. பாதிக் கேன் தண்ணீரை இயந்திரங்களைத் துடைப்பதற்கு எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வாடை முகத்தில் அடித்தது. சலூன்காரர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தன் தொட்டிக்காகக் கலந்து வைத்திருந்த தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். தோளில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. அவள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து நீள இடுக்கியால் செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொண்டுவந்தியா?"

"இல்ல."

"சரி" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்ணி, நீங்க உக்காருங்க. ஒருத்தர் உக்காந்திருக்கார், ஒருத்தன் நிக்கிறேன், போதும். மூணாவது ஆளும் நின்னா அறையில காத்து வராது" என்றார் சலூன்காரர்.

அடுத்து வந்த நாட்களில் மூளைப் பவளத்தின் சதை கரைந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. சுத்தியல் பவளம் கிளை கிளையாக விழுந்தது. அதை அவர் லிஃப்ட் வேலையில் இருந்தபோது ஒரே ஒரு விரலாக வாங்கி வந்தவர், அது மரமாகும்வரை காத்திருந்தவர். கடைசிக் கிளையும் போன மாலையில் அவள் வாளியில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது, யாரும் கூப்பிடாமலே, ஒரு நினைப்பு எழுந்து வந்தது: இனிமேல் தூக்க வேண்டாம். நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி ஒரு காற்று. அடுத்த கணமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. சமையலறைக்குப் போய்த் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

நாத்தனார் விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். வாளியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில. ஆஸ்பத்திரி பூரா தண்ணியைக் காப்பாத்துறவ வீட்டுத் தண்ணியைக் கோட்டை விட்டுட்டியேம்மா."

கேலியாகத்தான் சொன்னாள், விஷம் வைத்துச் சொல்லவில்லை. இவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் உதடு கோணியது.

"அக்கா, போதும்" என்றார் அவர். முதுகு அடிபட்ட பிறகு அவர் அப்படிக் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. "அவளைச் செக்குமாடு மாதிரி சுத்த விட்டது நான். மாடு தூக்கத்துல கால் இடறினா மாட்டைத் திட்டுவாங்களா?"

"ஏண்டா, நான் பல்லின்னேன், நீ மாடுங்கிறே. எது மரியாதைன்னு அவளே சொல்லட்டும்" என்று நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

மீதமிருந்த காளான் பவளங்களையும் பிழைத்துக்கொண்ட கோமாளி மீன்களையும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள். "அது கடைசியா செத்தப்போ எனக்கு... ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. இனி தூக்க வேண்டாமேன்னு. நான் வேணும்னு பண்ணல. ஆனா நிம்மதியா இருந்துச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு நீ குறட்டை விட்டே. இத்தனை வருஷத்துல நீ குறட்டை விட்டு நான் கேட்டதே இல்ல. படுத்தா எப்பவும் நடுவுல எழுந்து, பம்ப் ஓடுதான்னு ஒரு காது வச்சுக்கிட்டே தூங்குவே. அன்னைக்கு மாடி லிஃப்ட் மாதிரி ஓடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அவர் அவள் வலது கையை எடுத்துத் திருப்பி உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தார். நிறம் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இதை நான் அளந்து பாக்கல" என்றார்.

"நீங்க மறுபடி சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துடுவீங்களோன்னுதான்..."

"அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வசதியா இருந்துச்சு."

கோபப்படலாம் என்று தோன்றியது. கோபத்துக்கும் தெம்பு வேண்டும்.

மறுநாள் அவரே சலூன்காரருக்குப் போன் செய்தார். சலூன்காரர் தன் மச்சானை அழைத்துக்கொண்டு வண்டியோடு வந்தார். பாறைகள், காளான் பவளங்கள், மீன்கள், பம்ப்புகள் எல்லாம் போயின. கோமாளி மீன்கள் பைக்குள்ளிருந்துகொண்டும் வாடகைக்காரனைக் காலி செய்கிற வீட்டுக்காரன் மாதிரிதான் பார்த்தன. தொட்டியைத் தூக்கும்போது கதவு நிலையில் இடித்து ஒரு மூலை விரிந்துவிட்டது. "பரவாயில்ல, இது போதும்" என்று அவர் சொன்னார். எது போதும் என்று யாரும் கேட்கவில்லை. சட்டம் இருந்த இடத்தில் தரையில் உப்பு பூத்து ஒரு வெள்ளைக் கோடு. அவள் இரண்டு தடவை துடைத்தாள். முழுதாகப் போகவில்லை, விட்டுவிட்டாள்.

அவர் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அந்த நடை அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு சலூன்காரர், "அண்ணே, உங்க மீனுங்க என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, வந்து என்னன்னு பாருங்க" என்று ஆள் விட்டார். போன் வேலை மத்தியானத்துக்கு மாறியிருந்ததால் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து போனார். அங்கே முதுகு சாய்கிற நாற்காலிக்குப் பஞ்சமா? தண்ணீர் இறைப்பதைச் சலூன்காரர் மோட்டார் வைத்துக் குழாயிலேயே செய்துகொண்டார். தனக்கு ஏன் அந்த மோட்டார் இத்தனை வருஷம் தோன்றவில்லை என்று அவர் ஒருநாள் கேட்டார். "தூக்க ஆள் இருந்துச்சு, அதான்" என்றாள் அவள், பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே. அதில் கொஞ்சம் காரம் இருந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டார்.

அவளுடைய வேலை மாறவில்லை. கணுக்கால் வீங்குவதும் நிற்கவில்லை. மணிக்கட்டு வலி கொஞ்சம் குறைந்து, மழைநாளில் மட்டும் எட்டிப் பார்த்தது. வீடு இத்தனை அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பம்ப் சத்தம் இல்லாத முன் அறையில் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

மகள் போனில், "அம்மா, அதுவும் போயிடுச்சு. இனிமே நீங்க ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். கொஞ்ச நாள் இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிடும்போது உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவர் சலூனிலிருந்து கதைகள் கொண்டுவரத் தொடங்கினார். பாதி மீசையை எடுத்தபின் மீதியை எடுக்காதே என்று மனம் மாறியவரின் கதை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து ஆளின் முகத்தைத் தன் முகம் என்று நினைத்துப் பாராட்டியவரின் கதை. கேட்டுக்கொண்டே அவள் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொள்வாள். ஆளைச் சொல்லி, நாற்காலியைச் சொல்லி, அவர் நிதானமாகக் கதைக்குள் போவதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிடும். அது அவருக்கும் தெரியும். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, கதையை முடிவுவரை சொல்லித் தீர்ப்பார்.